டொமைன் யார் பேரில் இருக்கிறது?

தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோர ஊர்களிலிருந்து இணையதள ஹோஸ்டிங் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கருப்பட்டியும் பனங்கற்கண்டும் விற்கத் தளம் வைத்திருக்கிறோம். மூன்று வருடத்துக்கு முன் செய்துகொடுத்த தம்பி இப்போது போன் எடுப்பதில்லை. அடுத்த மாதம் டொமைன் முடிகிறதாம். பணம் கட்டத் தயார், எங்கே கட்டுவது என்றுதான் தெரியவில்லை.
வாசகர், சாயல்குடி

பதில்: அவசரப்பட்டுப் புது டொமைன் வாங்கிவிடாதீர்கள். பாக்கெட்டில் அச்சடித்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பியது, கூகுளில் தேடினால் வருவது எல்லாம் பழைய பெயரில்தான் இருக்கிறது.

டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர், பட்டா மாதிரி. யாருடைய கணக்கில் இருக்கிறதோ அவர் வைத்ததுதான் சட்டம். ஹோஸ்டிங், அதாவது தளம் குடியிருக்கும் சர்வர் இடம், வாடகைக் கடை. தளத்தின் கோப்புகளும் டேட்டாபேஸும் (எழுதியதெல்லாம் சேர்ந்திருக்கும் தகவல் தொகுப்பு) கடைக்குள் இருக்கும் சரக்கு. கடையை மாற்றலாம், சரக்கைத் திரும்ப அடுக்கலாம். பட்டா கைவிட்டுப் போனால் மீட்பது பெரும்பாடு. அதனால் டொமைனில் தொடங்குங்கள்.

டொமைனின் பதிவு விவரம் காட்டும் 'ஹூஇஸ்' தேடல் பக்கம் ஒன்றில் உங்கள் டொமைனைக் கொடுத்துப் பாருங்கள். உரிமையாளர் பெயர் மறைந்திருக்கலாம். ஆனால் டொமைனைப் பதிந்து விற்ற பதிவாளர் நிறுவனம் எது, முடிவுத் தேதி என்ன, பெயரைத் தளத்தின் சர்வருக்கு வழிகாட்டும் நேம்சர்வர் எது என்ற மூன்றும் தெரியும். அடுத்து, உங்கள் மின்னஞ்சலில் அந்தப் பதிவாளரின் பெயரைத் தேடுங்கள், ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து. மூன்று வருடத்தில் ஒரு ரெனியூவல் கடிதமாவது வந்திருந்தால் கணக்கு உங்கள் முகவரியில்தான் இருக்க வாய்ப்பு அதிகம். பதிவாளர் தளத்தில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கொடுத்தால் அன்றைக்கே கைக்கு வந்துவிடும்.

கடிதம் எதுவும் இல்லையென்றால் கணக்கு அந்தத் தம்பியின் பேரில் இருக்கலாம். உரிமைப் பேச்சைத் தள்ளிவைத்து, முதலில் ஒரு வருடம் நீட்டிக்க வையுங்கள். ரெனியூவல் தொகையும் அவர் கூலியும் தருவதாக எழுத்தில் அனுப்புங்கள். கூடவே பதிவாளருக்கு நீங்களும் எழுதுங்கள். அந்தத் தம்பிக்குப் பணம் கொடுத்த வங்கி விவரம், அவர் கொடுத்த பில், உங்கள் ஜிஎஸ்டி சான்று, அதே பெயர் அச்சடித்த பாக்கெட்டின் படம் ஆகியவற்றை இணையுங்கள். டாட் காம் பெயர் காலாவதியானால், பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்க வாய்ப்பு உண்டு. அதன்பின் 30 நாள் கூடுதல் அபராதத்தோடு மீட்கலாம். பிறகு 5 நாளில் பெயர் விடுபட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாகிவிடும். டாட் இன் என்றால் இந்த நாள் கணக்கைப் பதிவாளரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

அந்தத் தம்பி மனம் இறங்கி ஒத்துழைத்தால், மாற்றத்தைத் தடுக்கும் 'லாக்' எடுத்துவிட்டு டிரான்ஸ்பர் கோடு தரச்சொல்லி உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். டாட் காம் போன்ற பெயர்களுக்குக் கேட்ட 5 நாளுக்குள் பதிவாளர் அந்தக் கோடைத் தந்தாக வேண்டும். மாறி முடியவும் 5 நாள் வரை ஆகும் என்பதால் முடிவுத் தேதிக்கு முந்தின வாரத்தில் இதில் இறங்காதீர்கள். புதிதாகப் பதிந்த அல்லது சமீபத்தில் மாற்றிய பெயரை 60 நாளுக்குப் பொதுவாக நகர்த்த முடியாது.

இன்னொன்று: பதிவாளர் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் முடிந்தால் அந்த அஞ்சலும் நின்றுபோகும். ரெனியூவல் எச்சரிக்கை வர வழியே இருக்காது. தனி ஜிமெயில், உங்கள் சொந்தப் போன் நம்பர், இரண்டும் போதும்.

கேள்வி: ஆடி அமாவாசைக்கு முந்தின இரண்டு நாளும் எங்கள் லாட்ஜ் தளம் திறக்கவில்லை. '508' என்று வந்தது. ஹோஸ்டிங்காரர்கள் விபிஎஸ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
வாசகர், ராமேஸ்வரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விபிஎஸ் என்பது உங்களுக்கென ஒதுக்கிய, நீங்களே பராமரிக்கும் சர்வர் பங்கு. பலர் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் 508 வந்தால், உங்கள் கணக்குக்கு ஒதுக்கிய அளவு நிரம்பிவிட்டது என்று அர்த்தம். சர்வர் முழுதும் படுத்துவிடவில்லை. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'ரிசோர்ஸ் யூசேஜ்' பக்கத்தில் அந்த இரண்டு நாளின் வரைபடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் காட்டும் 'என்ட்ரி ப்ராசஸ்' கோடுதான் உச்சியைத் தொட்டிருக்கும்.

உங்கள் பிளானில் ஒரே நேரத்தில் 20 ப்ராசஸ் என்று வைத்துக்கொள்வோம். தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒரு பக்கத்தைத் தயாரிக்க 2 விநாடி எடுத்தால், விநாடிக்கு 10 பக்கத்துக்கு மேல் தர முடியாது. 11-வது ஆள் வந்ததும் வரிசை சேரும், சேர்ந்த வரிசை 508 ஆகும். அறை விவரம், கோயிலுக்கு எவ்வளவு தூரம், வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதெல்லாம் எல்லோருக்கும் ஒரே பக்கம்தான். அதை ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சமைக்க வேண்டியதில்லை. பேஜ் கேஷ் பிளகின் (தயாரித்த பக்கத்தைச் சேமித்துவைக்கும் துணை மென்பொருள்) போட்டால் சமைத்த பக்கம் சாதாரணக் கோப்பாக நிற்கும். பக்கத்தைச் சமைக்கும் பிஎச்பி நிரல் ஓடாமலே சர்வர் அதை எடுத்துக் கொடுத்துவிடும், ப்ராசஸ் கணக்கும் ஏறாது. கேஷ் இல்லாமல் 2 ஜிபி விபிஎஸ்ஸுக்குப் போனாலும் அதே தளம் அதே அமாவாசைக்குப் படுக்கும். அதோடு அப்டேட், ஃபயர்வால், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில் விழும்.

கேஷ் போடும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். புக்கிங் பக்கம், பணம் கட்டும் பக்கம், லாகின் பக்கம் மூன்றையும் கேஷிலிருந்து விலக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் நிரப்பிய பெயரும் நம்பரும் அடுத்தவர் திரையில் வரும். சோதிக்க இரண்டு போன் போதும். ஒன்றில் புக்கிங் விவரத்தைப் பாதி நிரப்பி அடுத்த கட்டத்துக்குப் போங்கள். மற்றதில் அதே முகவரியைத் திறங்கள், வெறுமையாக வர வேண்டும்.

அப்படியே, யார் எதைக் கேட்டார்கள் என்று பதியும் 'ரா ஆக்சஸ் லாக்' கோப்பைத் திறந்து, வெளிச் செயலிகள் வேர்ட்பிரஸ்ஸோடு பேசும் எக்ஸ்எம்எல்ஆர்பிசி கோப்பும் வேர்ட்பிரஸ் லாகின் கோப்பும் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணுங்கள். யாத்ரீகர் கூட்டத்தோடு போட்டியாக, பாஸ்வேர்டு தேடும் ரோபோக்களும் உங்கள் 20 இடத்தைப் பிடித்திருக்கலாம். முதலாவதை எதற்கும் பயன்படுத்தவில்லை என்றால் அடைத்துவிடுங்கள்.

அறைப் படங்கள் 508-க்குக் காரணம் அல்ல. ஆனாலும் போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். 1,200 பிக்சல் அகலம், வெப்பி வடிவம், 150 கேபி. பத்துப் படம் 40 எம்பியிலிருந்து 1.5 எம்பிக்கு இறங்கும். பாம்பன் தாண்டும்போது பஸ்ஸிலிருந்து மொபைல் டேட்டாவில் அறை தேடுபவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இத்தனையும் செய்த பிறகும், கேஷ் செய்ய முடியாத புக்கிங் பக்கமே அளவைத் தொட்டால் அப்போது விபிஎஸ் பேசலாம்.

கேள்வி: ஹோஸ்டிங் மாற்றியதும் எங்கள் ஊர் வரலாற்றுத் தளத்தில் தமிழ் முழுக்கக் குப்பையாகிவிட்டது. சரிசெய்ய முடியுமா?
வாசகர், கீழக்கரை

பதில்: குப்பை எந்த மாதிரி என்பதைப் பொறுத்தது. வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் அந்தப் பிரதியில் எழுத்து அழிந்துவிட்டது, அதிலிருந்து மீட்க வழியில்லை. பழைய சர்வரிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் திரும்பத் திரும்ப வந்தால் நிம்மதியாக இருங்கள், தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். அந்த மூன்றையும் லத்தீன் எழுத்து என்று நினைத்துத் தனித்தனியாகப் படித்தால் இப்படித்தான் தெரியும். கட்டம் கட்டமாக வந்தால் அது எழுத்துருக் கோளாறு, டேட்டாபேஸைத் தொடவே வேண்டாம்.

முதலில் பழைய தளத்தின் வேர்ட்பிரஸ் கான்ஃபிக் கோப்பில் டேட்டாபேஸின் எழுத்து முறையைச் சொல்லும் 'டிபி சார்செட்' வரி என்ன சொல்கிறது என்று பார்த்து, அதையே புதிய தளத்திலும் போடுங்கள். பல தளங்கள் இந்த ஒரு வரியிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையென்றால், டேட்டாபேஸின் பழைய அட்டவணைகள் 'லத்தீன்1' (லத்தீன் எழுத்து முறை) என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே யூடிஎஃப்-8 பைட்டுகளைச் சுமந்திருக்கும். அப்போது டேட்டாபேஸை லத்தீன்1 என்றே சொல்லி வெளியே எடுங்கள். எடுத்த கோப்பில் 'செட் நேம்ஸ்' வரியிலும் அட்டவணை வரையறைகளிலும் லத்தீன்1 என்பதை 'யூடிஎஃப்8எம்பி4' (யூடிஎஃப்-8-இன் முழு வடிவம்) என்று மாற்றி, புதிய வெற்று டேட்டாபேஸில் ஏற்றுங்கள். இறக்குமதியில் 1071 என்ற பிழை வந்து நின்றால் தேடலுக்கான இண்டெக்ஸின் நீளம் இடிக்கிறது. பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மென்பொருளில் உச்சவரம்பு 767 பைட். எழுத்துக்கு 4 பைட் வீதம் 255 எழுத்து 1,020 ஆகிவிடும். அந்தப் புலத்தை 191 ஆக்கினால் 764, உள்ளே அடங்கும்.

இருக்கும் அட்டவணைமேல் நேரடியாக 'கன்வர்ட்' கட்டளை கொடுக்காதீர்கள். குப்பையையே சரியான எழுத்து என்று எடுத்துக்கொண்டு அதை நிரந்தரமாக்கிவிடும். எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். புதிய தளத்தில் தமிழ், படம், தேடல், படிவம் நாலும் ஓடுகின்றன என்று பார்த்தபின் 30 நாளாவது கழித்துத்தான் பழைய ஹோஸ்டிங்கை நிறுத்த வேண்டும்.

கேள்வி: எந்த ஹோஸ்டிங் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
வாசகர், தொண்டி

பதில்: சிபாரிசுக்குக் கீழே உள்ள லிங்கைப் பாருங்கள். அதன் வால் பகுதியில் எண்ணோ பெயரோ ஒட்டியிருந்தால், நீங்கள் வாங்கும்போது சிபாரிசு செய்தவருக்குக் கமிஷன் போக வாய்ப்பு அதிகம். கமிஷன் வாங்குவது குற்றமில்லை, ஆனால் அந்தக் கருத்தை அதற்குரிய எடையோடு எடுத்துக்கொள்ளுங்கள். 'நல்லா இருக்கு' என்பவரைவிட, எத்தனை மாதம் வைத்திருந்தார், எந்த பிளான், ரெனியூவலுக்கு எவ்வளவு கட்டினார், கோளாறு வந்தபோது எத்தனை மணி நேரத்தில் பதில் வந்தது என்று சொல்பவர் பேச்சே உதவும்.

நீங்கள் கேட்கும்போதும் விவரத்தோடு கேளுங்கள். தளம் எதில் செய்தது, மாதம் எத்தனை பேர் வருகிறார்கள், படங்கள் எத்தனை ஜிபி, மின்னஞ்சல் அங்கேயேவா, வருகிறவர்கள் எந்த ஊரிலிருந்து என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். அமெரிக்க சர்வருக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 200 மில்லிவிநாடி ஆகும். பக்கம் திறக்கக் குறைந்தது மூன்று தடவை போய்வர வேண்டும் என்பதால் முதல் எழுத்து வருமுன்பே அரை விநாடிக்கு மேல் போய்விடும். உள்ளூர் வாசகருக்கும் வளைகுடாவில் இருக்கும் சொந்தபந்தத்துக்கும் மும்பை சர்வர் பொருத்தம்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். நிபந்தனைப் பக்கத்தில் 'ஐநோட்' எண்ணிக்கையைத் தேடுங்கள். ஒவ்வொரு கோப்பும், பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு ஐநோட். வேர்ட்பிரஸ் ஒரு படத்தை ஏற்றினால் 150, 300, 768, 1,024 பிக்சல் என்று தானே பல பிரதி எடுக்கும். ஆயிரம் படம் ஐயாயிரம் கோப்புக்கு மேல் ஆவது சாதாரணம்.

99.9% அப்டைம் (தளம் ஓடும் நேரம்) என்றால் 30 நாளில் சுமார் 43 நிமிடம் படுக்கலாம், 99% என்றால் 7 மணி 12 நிமிடம். வாக்கு மீறினால் அவர்கள் பொதுவாகத் தருவது வாடகையில் கழிவு மட்டுமே, உங்கள் வியாபார நஷ்டத்தை அல்ல. முதல் தடவை மூன்று வருடத்துக்குக் கட்டாமல் மாதக் கணக்கில் எடுங்கள். வாங்குமுன் ராத்திரி 11 மணிக்கு ஒரு தொழில்நுட்பக் கேள்வி அனுப்பி, வருவது பதிலா, ஒப்பித்த வரியா என்று பாருங்கள்.

கேள்வி: கருவாடு ஆர்டர் படிவத்திலிருந்து வரும் மெயில் எல்லாம் ஸ்பேமில் விழுகிறது.
வாசகர், பாம்பன்

பதில்: படிவத்தின் அமைப்பில் 'ஃப்ரம்' இடத்தில் வாடிக்கையாளரின் ஜிமெயில் முகவரி இருக்கிறதா பாருங்கள். உங்கள் சர்வர் ஜிமெயில் பேரில் கடிதம் அனுப்பினால் அது கள்ளக் கையெழுத்து. ஃப்ரமில் உங்கள் டொமைன் முகவரியும், 'ரிப்ளை டு'வில் வாடிக்கையாளர் முகவரியும் போடுங்கள்.

அடுத்து, டொமைனுக்கான வழிகாட்டிப் பட்டியலான டிஎன்எஸ்ஸில், உங்கள் பேரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்று இருக்க வேண்டும். ஹோஸ்டிங்குக்கு ஒன்று, மெயில் சேவைக்கு ஒன்று என இரண்டு வரி வைத்தால் இரண்டும் செல்லாது. ஒரே வரியில் சேர்த்து எழுதுங்கள். அதற்குள் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டக் கூடாது. மெயிலுக்குக் கையெழுத்திடும் டிகேஐஎம் சாவியைச் சிபேனலிலேயே உருவாக்கலாம். சோதனையில் தோற்கும் மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை, எதையும் தடுக்காத 'நன்' என்ற நிலையில் தொடங்கி, அறிக்கைகளைச் சில வாரம் பார்த்தபின் இறுக்குங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஹோஸ்டிங் கம்பெனியே தினமும் பேக்கப் எடுக்கிறது. நாங்களும் எடுக்க வேண்டுமா?
வாசகர், உச்சிப்புளி

பதில்: கட்டாயம். கணக்கு முடக்கப்பட்டால் அந்த பேக்கப்பும் அதோடு பூட்டப்படும். டேட்டாபேஸை வாரம் ஒரு முறை, முழுக் கோப்புகளை மாதம் ஒரு முறை உங்கள் கம்ப்யூட்டருக்கோ டிரைவுக்கோ இறக்குங்கள். இறக்கியதும் சர்வரில் உள்ள ஜிப்பை அழித்துவிடுங்கள். வெளியார் எட்டக்கூடிய 'பப்ளிக் எச்டிஎம்எல்' கோப்புறையில் 'பேக்கப்' என்ற பெயரில் கிடந்தால், பெயரை ஊகித்து யாரும் இறக்கிக்கொள்ளலாம், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உட்பட. ஐப்பசி மழையில் கரண்ட் நின்று இறக்குமதி பாதியில் அறுந்திருக்கலாம். ஜிப்பின் அளவை சர்வரில் உள்ள அளவோடு ஒப்பிட்டுவிட்டு அழியுங்கள்.

கேள்வி: டாட் இந்தியா என்று தமிழிலேயே டொமைன் வாங்கலாமா?
வாசகர், தேவிபட்டினம்

பதில்: வாங்கலாம், '.இந்தியா' நடைமுறையில் உள்ள பெயர்தான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். டிஎன்எஸ்ஸுக்குள் அது 'எக்ஸ்என்' என்று தொடங்கும் லத்தீன் எழுத்துக் கோவையாகவே பயணிக்கிறது. சில செயலிகளில் லிங்க் ஒட்டினால் அந்தக் கோவைதான் தெரியும். சில படிவங்கள் அதில் உள்ள மின்னஞ்சலை ஏற்காது. லத்தீன் எழுத்துப் பெயரை முதன்மையாக வைத்து, தமிழ்ப் பெயரை அதற்கு 301 (நிரந்தரத் திருப்பம்) முறையில் திருப்பிவிடுங்கள். பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்று இரண்டு பெயருக்கும் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தருகிறது. அது 90 நாள் சான்று, தானாகப் புதுப்பிக்கும் வசதி சிபேனலில் இயங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.