ஃபார்மட் அடிப்பதற்கு முன்: கணினி கேள்வி பதில்

கேள்வி: எட்டு வருட டெஸ்க்டாப். தினமும் காலையில் போட்டதும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று வருகிறது. வைரஸ், ஃபார்மட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டவே வேண்டாம். மதர்போர்டில் வெள்ளிக் காசு போல வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ப்ளக்கில் மின்சாரம் இருக்கும்வரை, ஷட் டவுன் செய்தாலும் உள்ளே கடிகாரம் ஓடும். இரவு சுவிட்ச்போர்டிலேயே அணைத்துவிட்டால் அதை ஓட்ட வேண்டியது அந்தப் பேட்டரிதான். காலையில் மட்டும் தொல்லை வருவது அதனால்தான். இணையதளம் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் தேதி, முடியும் தேதி உண்டு. கணினி 2015 என்று நினைத்துக்கொண்டிருந்தால், அதன் கணக்கில் இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை. பிரவுசர் மறுத்துவிடுகிறது.

கடையில் 'சிஆர்2032' என்று கேளுங்கள். வாட்ச் கடையிலும் கிடைக்கும். 20 என்பது விட்டம், 32 என்பது 3.2 மி.மீ. தடிமன். 2025 என்று கொடுத்தால் வாங்காதீர்கள், 2.5 மி.மீ.தான் இருக்கும், பிடிக்குள் ஆடும்.

ப்ளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். மூடியைக் கழற்றி, கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி ஓரத்துக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் அதுவே எழும்பும். ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வையுங்கள். ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்புத் திரை) போய் தேதியும் நேரமும் வைத்துச் சேமியுங்கள்.

பேட்டரி போனதில் பயாஸின் மற்ற அமைப்புகளும் மாறியிருக்கலாம். விண்டோஸ் நீலத் திரையோடு நின்றால், பயாஸில் சாட்டா மோடு (ஹார்டு டிஸ்க்கோடு கணினி பேசும் முறை) ஐடிஇ என்ற பழைய முறைக்குப் போயிருக்கிறதா பாருங்கள். ஏஹெச்சிஐ என்ற புதிய முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய் ஃபார்மட்டுக்குச் சம்மதித்து, குடும்பப் படங்களையெல்லாம் இழக்கிறார்கள்.

நேரம் மட்டும் சரியாக ஐந்தரை மணி தள்ளிக் காட்டினால் பேட்டரி மீது பழி போடாதீர்கள். டைம் ஸோனைப் பாருங்கள்.

கேள்வி: கீபோர்டில் எழுத்தை வெகுநேரம் அழுத்தினால்தான் விழுகிறது. புது கீபோர்டு வாங்கியும் அதே கதை.
– வாசகி, கும்பகோணம்

பதில்: வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' வசதி இயங்கத் தொடங்கும். கை நடுங்குபவர்களுக்காக வைத்தது அது. யாரோ ஷிஃப்டில் கை வைத்தபடி யோசித்திருப்பார்கள்! திரும்பவும் 8 விநாடி பிடித்தால் நின்றுவிடும். செட்டிங்ஸில் அக்ஸஸிபிலிட்டி, கீபோர்டு பகுதிக்குப் போய் அந்தக் குறுக்குவழியையும் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: 2004-இல் அப்பா தட்டச்சு செய்த ஊர் வரலாறு, புது லேப்டாப்பில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கெடவில்லை. அப்பா எழுதியது ஓர் எழுத்துகூடப் போகவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டியவை. பாமினியில் 'அம்மா' என்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே பதிவாகியிருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் அந்த மூலம் தெரிந்துவிடுகிறது.

முதலில் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். வேர்டில் ஒரு வரிக்குள் கர்சரை வைத்தால், எழுத்துருப் பெட்டியில் பெயர் தெரியும்; எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். அதே எழுத்துருவை நிறுவித் திறந்து, முதல் வேலையாக ஒரு பிடிஎஃப் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுத்துருமாற்றி மென்பொருளில் அந்தப் பெயரையே தேர்ந்து, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். பாமினியை டிஸ்கி (இன்னொரு பழைய தமிழ்க் குறியேற்ற முறை) என்று தவறாகத் தேர்ந்தால் வேறு குப்பைதான் வரும். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து மாற்றாதீர்கள். அவையும் தமிழ் எழுத்தாகிச் சிதைந்துவிடும்.

பழைய எழுத்துருவிலேயே திருத்தம் செய்வதானால், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட்டை நிறுத்துங்கள். பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. வேர்டு தன்பாட்டுக்கு 'அம்மா'வை 'ஆம்மா' ஆக்கிவிடும். பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து, மாற்றியதை வரிவரியாக ஒப்பிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் அப்பாவின் எழுத்துக்கு அது தகும்.

கேள்வி: பிரின்டரில் ஒரு பக்கம் சிக்கிக்கொண்டு, 'டெலிட்டிங்' என்றே நிற்கிறது. அடுத்தது எதுவும் வரவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: விண்டோஸ் தேடல் பெட்டியில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, அச்சுக்குப் போகும் பக்கங்களை வரிசையில் வைக்கும் பிரின்ட் ஸ்பூலரை வலது கிளிக் செய்து ஸ்டாப் கொடுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ் என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்குள்ள கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை அல்ல. ஸ்பூலருக்கு மீண்டும் ஸ்டார்ட் கொடுங்கள். அப்படியும் 'ஆஃப்லைன்' என்றால், யுஎஸ்பி கேபிளை வேறு போர்ட்டில் செருகியிருப்பீர்கள். அதே பிரின்டர் 'காப்பி 1' என்ற பெயரில் இன்னொன்றாகப் பதிவாகியிருக்கும். அதைத் தேர்ந்து அனுப்புங்கள், அல்லது கேபிளைப் பழைய போர்ட்டுக்கே மாற்றுங்கள்.