'வாட்டர் ஓப்பன், டீச்சர்!': சீனம் பேசும் பிள்ளைகளின் ஆங்கிலம் பற்றிக் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் சிங்கப்பூரில் ஆங்கில டியூஷன் எடுப்பவர்.)

கேள்வி: சீனாவிலிருந்து வந்த மாணவன் 'ஓப்பன் த லைட்' என்கிறான். எத்தனை தடவை திருத்தினாலும் மாறவில்லை. ஏன் டீச்சர்?

பதில்: சீனத்தில் 'கை' என்று ஒரு வினைச்சொல். கதவு திறப்பது, விளக்குப் போடுவது, கார் ஓட்டுவது, கூட்டம் நடத்துவது, பூ மலர்வது, டாக்டர் மருந்து எழுதித் தருவது எல்லாவற்றுக்கும் அதுதான். தண்ணீர் கொதித்தாலும் 'ஷுவெய் கை ல'. என்னிடம் படித்த ஒன்பது வயதுப் பையன், கெட்டிலில் குமிழி எழும்பியதும் 'வாட்டர் ஓப்பன், டீச்சர்!' என்று ஓடி வந்தான். அவன் கணக்கு அவனுக்குச் சரி. ஆங்கிலத்தில் விளக்குக்கு டர்ன் ஆன், காருக்கு டிரைவ், தண்ணீருக்கு பாயில் என்று தனித்தனியாக இருக்கிறது. அதனால் 'கை என்றால் ஓப்பன்' என்று மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். சுவிட்சைத் தட்டும்போதே 'டர்ன் ஆன் த லைட்' என்று முழுதாகச் சொல்ல வையுங்கள்.

கேள்வி: 'க்ளோஸ் த டிவி'?

பதில்: அதே கதைதான். மூடுவது, அணைப்பது இரண்டுக்கும் 'குவான்'. டிவிக்கு டர்ன் ஆஃப்.

கேள்வி: 'த ஷாப் இஸ் ஓப்பன்ட்' சரியா?

பதில்: கடை திறந்திருக்கிறது என்று சொல்ல 'இஸ் ஓப்பன்' போதும். 'ஷி ஓப்பன்ட் த ஷாப்' என்றால் திறந்தாள். கடைக் கதவில் தொங்கும் அட்டையைக் காட்டுங்கள்: ஒரு பக்கம் ஓப்பன், மறுபக்கம் க்ளோஸ்ட். பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: ஃபேன், ஏசிக்கு?

பதில்: முதல் பதிலிலேயே இருக்கிறது. டர்ன் ஆன்.

கேள்வி: பினாங்கில் எல்லாருமே 'ஓப்பன் த லைட்' என்றுதான் சொல்கிறோம். அதை எப்படித் தப்பு என்பீர்கள்?

பதில்: தப்பு என்று நான் சொல்லவில்லை, அண்ணா. பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழியிலும் விளக்கைத் 'திறக்கத்தான்' செய்கிறார்கள். பிலிப்பைன்ஸில் பேசும் டகாலோக் மொழியிலும் அப்படியே, அதனால் பிலிப்பைன்ஸ் ஆங்கிலத்திலும் இது உண்டு. பாட்டி பேசுவதைப் பிள்ளை முன்னால் திருத்தாதீர்கள், அப்புறம் அவன் வாயே திறக்க மாட்டான். ஆனால் பரீட்சைத் தாளில் மார்க் போகும். அதையும் அவனுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: நாம் மட்டும் 'லைட்டைப் போடு' என்கிறோமே?

பதில்: ஆமாம், என் மகளே 'புட் த லைட்' என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கும் அதே சுவிட்ச் பாடம்தான் நடத்தினேன்.

கேள்வி: 'கை'க்கு முழுப் பட்டியல் கிடைக்குமா?

பதில்: பட்டியல் வேண்டாம் என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்! இன்று கெட்டிலை வைத்து ஆரம்பியுங்கள்.