5 அனுப்பினால் 53 வருகிறதே! சீரியல் போர்ட் கேள்வி பதில்

நாகர்கோவிலில் மின்னணுத் தராசுகளைப் பழுது பார்ப்பதும், அவற்றைக் கணினியோடு இணைத்துக் கொடுப்பதும் என் தொழில். நிரலிலிருந்து சீரியல் போர்ட் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடத்தும் இணைப்பு) வழியாக எண்களை அனுப்புவது, வாங்குவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி (மார்த்தாண்டம், பொறியியல் மாணவர்): அண்ணா, கணினியிலிருந்து 5 அனுப்பினால் ஆர்டுவினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் போர்டு) விளக்கை ஐந்து முறை மின்ன வைக்க வேண்டும். அது 53 முறை மின்னுகிறது. போர்டு கெட்டுவிட்டதா?

பதில்: போர்டு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. நீங்கள் அனுப்பியது ஐந்து என்ற மதிப்பை அல்ல, 5 என்று எழுதிக் காட்டும் குறியை. எழுத்துக்கும் குறிக்கும் எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் அந்தக் குறியின் எண் 53. பூச்சியத்துக்கு 48, ஒன்பதுக்கு 57. கம்பிக்கு எண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது. 0 முதல் 255 வரையுள்ள பைட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடத்தும், அவ்வளவுதான்.

வந்ததிலிருந்து 48ஐக் கழித்தால் 5 கிடைக்கும். ஆனால் நாளைக்கு 12 அனுப்புவீர்கள். 49, 50 என்று இரண்டு பைட் வந்து நிற்கும். ஆகவே இலக்கங்களாக எழுதி அனுப்புவதா, மதிப்பையே பைட்டாக அனுப்புவதா என்பதை இரு முனைகளுக்கும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஆர்டுவினோவில் ‘சீரியல்.பிரிண்ட்’ முதல் வகை, ‘சீரியல்.ரைட்’ இரண்டாம் வகை. வேகம் பெரிதாகத் தேவைப்படாத வேலைக்கு நான் எப்போதும் முதல் வகைதான். தவறு நேர்ந்தால் திரையில் கண்ணாலேயே படித்துக் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி (குலசேகரம்): பைத்தான் நிரல்மொழியில் ‘பைட்ஸ்(5)’ என்று எழுதினேன். ஐந்து பூச்சியங்கள் போகின்றன.

பதில்: ஐந்து பைட் நீளத்துக்கு வெற்றிடம் கேட்டிருக்கிறீர்கள்; அது கொடுத்துவிட்டது. 5ஐச் சதுர அடைப்புக்குள் வையுங்கள்: ‘பைட்ஸ்([5])’. ஒரு மாலைப் பொழுது முழுவதையும் இதில் தொலைத்தவன் நான்.

கேள்வி (நாகர்கோவில், ஆசிரியை): மாணவர்களின் திட்டப்பணியில் 1000 அனுப்பினால் 232 வருகிறது. -5 அனுப்பினால் 251.

பதில்: டீச்சர், ஒரு பைட்டில் 255க்கு மேல் இடமில்லை. 1000 என்பது மூன்று 256களும் 232ம். அந்த 3 வாசலுக்கு வெளியே நின்றுவிட்டது. இரண்டு பைட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எது முன்னால் போகும் என்பதையும் முடிவு செய்யச் சொல்லுங்கள். மாற்றி வாசித்தால் 59,395 என்று வந்து நிற்கும். -5 சரியாகவே வந்திருக்கிறது: 256இல் 5 குறைந்தால் 251. கூட்டல், கழித்தல் குறியுள்ள எண்ணாக வாசித்தால் போதும்.

கேள்வி (தோவாளை, பூ வியாபாரம்): அண்ணாச்சி, தராசில் 12.350 தெரிகிறது. கணினியில் சில நேரம் 350 என்று மட்டும் விழுகிறது. பிச்சிப்பூவுக்கு பில் போடும் நேரத்தில் மானம் போகிறது.

பதில்: 12 கிலோ பூவை 350 கிலோ என்று எழுதினால் போகத்தானே செய்யும்! தராசு ஓயாமல் எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உங்கள் நிரல் பேச்சின் நடுவில் வந்து காது கொடுக்கிறது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில், வழக்கமான அமைப்பில், ஒரு பைட்டுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 பிட். அதாவது நொடிக்கு 960 பைட். கணினிக்கு அது நத்தை நடை. இருப்பதை உடனே அள்ளினால் அரைகுறைதான் கிடைக்கும். உங்கள் தராசு ஒவ்வோர் எடைக்கும் பின்னால் 13, 10 என்ற வரிமுடிவு பைட்டுகளை அனுப்புகிறதா என்று பாருங்கள். அனுப்பினால், 10 வரும்வரை சேர்த்துவைத்து, பிறகு எண்ணாக மாற்றுங்கள். போர்ட்டைத் திறந்ததும் வரும் முதல் வரியைத் தயங்காமல் வீசிவிடுங்கள்.

கேள்வி (குளச்சல், விசைப்படகு): படகின் ஜி.பி.எஸ். கருவியிலிருந்து 0810.50 என்று வருவதை 8.1050 பாகை என்று எடுத்தேன். வரைபடத்தில் இடம் தள்ளிக் காட்டுகிறது.

பதில்: கடல் கருவிகள் தகவல் அனுப்பும் என்.எம்.இ.ஏ. 0183 முறையில், அட்சரேகைக்கு முதல் இரண்டு இலக்கங்கள்தான் பாகை, மீதி கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 8 பாகை, 10.50 கலை. கலையை 60ஆல் வகுத்துக் கூட்டினால் 8.175. நீங்கள் எடுத்த கணக்கில் 4.2 கடல் மைல் தெற்கே போய்விட்டீர்கள். தீர்க்கரேகையில் பாகைக்கு மூன்று இலக்கம் என்பதையும் மறக்காதீர்கள். வழக்கமான வேகம் நொடிக்கு 4800 பிட்.

கேள்வி (தக்கலை): ஆர்டுவினோ ஊனோவுக்கு அனுப்பும் முதல் எண் மட்டும் தொலைகிறது.

பதில்: போர்ட்டைத் திறந்ததும் ஊனோ தன்னை மறுதொடக்கம் செய்துகொள்கிறது. இரண்டு நொடி பொறுத்து அனுப்புங்கள்.

கேள்வி (முட்டம்): பழைய தராசின் ஒன்பது முள் போர்ட்டை ஆர்டுவினோவில் நேரடியாக இணைக்கலாமா?

பதில்: கூடாது. அந்தப் போர்ட் பேசும் ஆர்.எஸ். 232 முறையில் மின்னழுத்தம் கூட்டல் 15 வோல்ட் முதல் கழித்தல் 15 வோல்ட் வரை ஊசலாடலாம். ஊனோ தாங்குவது 5 வோல்ட். இடையில், மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மேக்ஸ் 232 சில்லு உள்ள சிறு போர்டு ஒன்றை வையுங்கள். இரு பக்கத்துத் தரைக் கம்பிகளையும் சேர்த்துக் கட்டுங்கள். கடற்கரையை ஒட்டிய ஊர் என்பதால், நிரலைத் திறக்கும் முன் அந்த ஒன்பது முள்ளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.