பதில்: பென்னிமியூரில் தெரியும் செவ்வகம் கோட்டையா?

செயற்கைக்கோள் படத்தில் ஸ்காட்லாந்தின் பென்னிமியூர் அருகே, மூலைகள் வளைந்த பெரிய செவ்வகம் ஒன்று தெரிகிறது, அது ரோமானியக் கோட்டையா என்று கேட்டிருந்தீர்கள். கோட்டை இல்லை. படையெடுத்துப் போன ரோமானியர் தோல் கூடாரம் அடித்துத் தங்கிய தற்காலிக முகாம் அது.

வாசல் இடைவெளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். நேர் எதிரே, சற்று வெளியே தள்ளி, குட்டி மண்மேடு ஒன்று தனியாக நிற்கும். எதிரி ஒரே ஓட்டமாக உள்ளே பாயாமல் இருக்கப் போட்ட தடுப்பு அது, பெயர் டிட்டுலம். இவ்வளவு தெளிவாக அது மிஞ்சியிருக்கும் இடங்கள் குறைவு, அதனால் உங்கள் கண்ணில் பட்டது நல்ல இடம்தான்.

அப்புறம், பெரிய முகாமின் மூலைக்குள்ளேயே சிறிய முகாம் ஒன்றும் இருக்கிறது. பின்னால் வந்த படையினர் பெரிய முகாமின் பழைய மண்கரையையே பயன்படுத்திக்கொண்டார்கள். அதே இடத்தில் மறுபடி தங்கக் காரணம் பக்கத்தில் போகும் ரோமானியச் சாலை: இங்கிலாந்தின் யார்க்கிலிருந்து கார்பிரிட்ஜ் வழியாக வடக்கே சென்ற டீர் ஸ்ட்ரீட். அடுத்தடுத்து வந்த படைகளுக்கும் அதுதான் வழி.

நேரில் போவதானால் காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போங்கள். உச்சிவெயிலில் மேடு பள்ளம் சரியாகத் தெரியாது. பாதுகாக்கப்பட்ட இடம், மெட்டல் டிடெக்டர் வேண்டாம்.