பார்டர் கோலியோடு வாழ்வது எளிதா? – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நாய்களிலேயே அறிவு மிகுந்தது பார்டர் கோலி என்கிறார்கள். முதல் முறை நாய் வளர்ப்பவருக்கு இதுதானே சுலபம்?

பதில்: கற்பிக்கச் சுலபம், கூட வாழச் சுலபமல்ல. இரண்டையும் ஒன்றென எண்ணித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றிருந்தது உண்மை. அதற்கு ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் மூன்று ஆண்டுகள், நாள்தோறும் மணிக்கணக்கில் சொல்லித்தந்தார். நாம் சொல்லித்தராவிட்டாலும் அந்த மூளை சும்மா இருக்காது. எந்தச் செருப்பை மாட்டினால் வெளியே கிளம்புகிறோம், எத்தனை முறை குரைத்தால் எழுந்து வருவோம் என்பதையெல்லாம் தானே படித்துவிடும்.

கேள்வி: ஒன்றரை வயது நாயைக் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் ஓட விடுகிறேன். வீட்டில் அடங்கவே இல்லை. இன்னும் கூட்டவா?

பதில்: கூட்டாதீர்கள் தம்பி. ஓட ஓடத் தெம்புதான் ஏறும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லை மலைகளில் மேய்ப்பரின் சீழ்க்கைக்கு உழைத்த இனம் இது. அந்த வேலையில் ஓட்டம் பாதிதான். நிற்பதும் படுப்பதும் காத்திருப்பதும் மீதி. நாமோ பந்தை நூறு முறை எறிந்துவிட்டு அந்த மீதியை மறந்துவிடுகிறோம். ஒரு வேளை ஓட்டத்தைக் குறைத்து, புல்லில் தீனியைத் தூவி மோப்பம் பிடிக்க விடுங்கள். பிறகு பாயில் படுக்கப் பழக்குங்கள். அது தானாகத் தலையைக் கீழே வைக்கும்போது, பேசாமல் ஒரு துண்டு தீனி தாருங்கள். என் முதல் நாய்க்கு நான் இதைச் செய்யவில்லை. மாலை முழுவதும் அது அறைக்கு அறை நடந்துகொண்டே இருக்கும். இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

கேள்வி: குழந்தைகள் ஓடினால் குதிகாலைக் கவ்வுகிறது. கடிக்கிற நாயா?

பதில்: மந்தையைத் திருப்பும் குணம் அது. ஆனால் பல் படும் என்பதால் அலட்சியம் வேண்டாம். தலையைத் தாழ்த்தி, பார்வையை எடுக்காமல் பதுங்கும். மேய்ப்பர்கள் இதைக் ‘கண்’ என்பார்கள். அந்த நொடியிலேயே பெயர் சொல்லி அழையுங்கள், பாய்ந்த பிறகு காது கேட்காது. குழந்தைகள் ஓடியாடும்போது நாய் தடுப்புக்கு அப்பால் இருக்கட்டும். தெருவில் கயிறு கட்டாயம். வண்டிச் சக்கரமும் அதற்கு ஓடும் ஆடுதான்.

கேள்வி: லேசர் ஒளியைத் துரத்த விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பிடிபடாத ஒளியைத் துரத்திப் பழகிய நாய், பிறகு சுவர் நிழலையும் மணிக்கணக்கில் வெறிக்கத் தொடங்கிவிடும். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: முடி கொட்டுமா?

பதில்: நிறையக் கொட்டும்.

கேள்வி: அம்மா, அடுக்குமாடி வீடு, இருவரும் வேலைக்குப் போகிறோம். வாங்கலாமா?

பதில்: அடுக்குமாடி தடையல்ல, ஆளில்லாத பத்து மணி நேரம்தான் தடை. பகலில் யாரும் துணைக்கு இல்லையென்றால் வாங்காதீர்கள். துணை உண்டென்றால், குட்டியைவிட மூன்று நான்கு வயதான, குணம் தெரிந்த நாயைத் தேடுங்கள். அதற்கு முன் இந்த இனத்தை வளர்ப்பவர் ஒருவரின் வீட்டுக்குப் போய்வாருங்கள். பூங்காவில் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். மாலை ஏழு மணிக்கு, அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.