ட்ரைபர், கைகர், மேக்னைட்: மூன்றும் ஒரே வண்டிதானா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஏழு பேர் உள்ள எங்கள் குடும்பத்துக்கு ரெனால்ட் ட்ரைபர் வாங்கலாமா என்று பார்க்கிறோம். கைகரும் நிசான் மேக்னைட்டும் அதே பிளாட்ஃபார்ம்தான், மூன்றும் ஒரே வண்டிதான் என்கிறார் விற்பனையாளர். உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பிப் பணத்தையும் ஒரு சனிக்கிழமையையும் தொலைத்தவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு ஊர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். ஒரகடத்தில் ஓர் உதிரி பாகத் தொழிற்சாலையில் நான்கு வருடம் தரப் பரிசோதனையில் இருந்தேன். கல்யாணம் டர்பனுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இப்போது சாட்ஸ்வொர்த்தில் மச்சானின் ஒர்க்‌ஷாப்பில் வேலை. நீங்கள் கேட்கும் மூன்று வண்டிகளும் அதே ஒரகடத்தில், 2010இல் ரெனால்ட்டும் நிசானும் சேர்ந்து திறந்த ஆலையில் உருவாகிக் கப்பலேறி வருபவை. என் மனைவியின் முன்னோரும் அந்தக் கடற்கரையிலிருந்து கப்பலேறிக் கரும்பு வெட்ட வந்தவர்கள்தான். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து 1860 நவம்பரில் இங்கே வந்தது. "அப்போது ஆளை அனுப்பினார்கள், இப்போது காரை அனுப்புகிறார்கள். காருக்காவது வாரண்டி உண்டு" என்பார் மாமனார்.

பிளாட்ஃபார்ம் என்றதும் பலர் தேரை நினைத்துக்கொள்கிறார்கள். அச்சும் சக்கரமும் சட்டமும் ஒன்று, மேலே கட்டும் அலங்காரம் மட்டும் திருவிழாவுக்குத் திருவிழா மாறும் என்று. லாரிக்கும், இங்கே டர்பனிலேயே செய்கிற ஹைலக்ஸ் பக்கிக்கும் (பின்னால் திறந்த தொட்டி உள்ள வண்டியை இங்கே பக்கி என்பார்கள்) அது பொருந்தும். சட்டத்தைத் தனியே கழற்றி வைக்கலாம். இன்றைய சிறிய கார்களில் அப்படிக் கழற்ற எதுவும் இல்லை; தரையும் தூணும் கூரையும் ஒன்றாக வெல்டிங் செய்த ஒரே கூடு. அப்படியென்றால் எதைப் பகிர்கிறார்கள்?

2013இல் ரெனால்ட்டும் நிசானும் சிஎம்எஃப் (காமன் மாட்யூல் ஃபேமிலி, பொதுத் துண்டுகளின் குடும்பம்) என்ற முறையை அறிவித்தபோது, காரை ஐந்து துண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: எஞ்சின் அறை, டாஷ்போர்டு உள்ளிட்ட ஓட்டுநர் பகுதி, முன் அடிப்பாகம், பின் அடிப்பாகம், மின்சார-மின்னணு அமைப்பு. ஒவ்வொரு துண்டிலும் சில வகைகள். அவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் வெவ்வேறு உயரமும் எடையும் கொண்ட வண்டிகள் கிடைக்கும். ஒரு காரை உருவாக்கும் செலவில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் போகிறது. முன் சக்கரத்துக்கும் பெடலுக்கும் இடையிலுள்ள பகுதி, மோதலைத் தாங்கும் முன்சட்டம், ஸ்டீயரிங், வயரிங். அதை ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் அடுத்த வண்டியில் அந்தச் செலவு மிச்சம்.

இந்த வரிசையின் மிகச் சிறிய பிரிவு சிஎம்எஃப்-ஏ. லோகன் என்ற மலிவு விலைக் காரை உருவாக்கிய ஜெரார் டெட்டூர்பே சென்னையில் உட்கார்ந்து இதை நடத்தினார். 2015இல் முதல் வண்டியாக க்விட் வந்தது. கஞ்சத்தனத்தை ஒரு கலையாகச் செய்த கார் அது! ஒற்றை வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே போல்ட். முதல்முறை டயர் கழற்றியபோது நான்காவது எங்கே விழுந்தது என்று தரையில் தேடினேன். அந்தக் கஞ்சத்தனம் பாதுகாப்பிலும் தெரிந்தது. 2016இல் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தபோது பூஜ்ய நட்சத்திரம். அந்த அடித்தளத்தை நீட்டி, வலுவாக்கி, சிஎம்எஃப்-ஏ பிளஸ் ஆக்கினார்கள். இந்தியாவில் 2019இல் ட்ரைபர், 2020 டிசம்பரில் மேக்னைட், 2021இல் கைகர். தென்னாப்பிரிக்காவுக்கு ட்ரைபர் 2020இல் வந்தது, மற்ற இரண்டும் 2021இல். க்விட்டின் அடித்தளத்திலிருந்தே மின்சாரக் காரும் பிறந்தது: சீனாவில் செய்து ஐரோப்பாவில் விற்கும் டாசியா ஸ்பிரிங் இதே குடும்பம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று வண்டிக்கும் நீளம் ஏறத்தாழ 3.99 மீட்டர். தற்செயல் அல்ல. இந்தியாவில் 2006 பட்ஜெட் முதல், நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய எஞ்சின் காருக்கு வரி குறைவு. டெல்லியில் போட்ட கோட்டுக்காக டர்பனில் நம் முழங்கால் மடங்குகிறது. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கைகரிலும் மேக்னைட்டிலும் 2,500 மில்லிமீட்டர், ட்ரைபரில் 2,636. வித்தியாசம் 136, அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. மொத்த நீளத்தைக் கூட்டாமல் பின் சக்கரத்தைப் பின்னால் தள்ளிப் பெற்ற அந்த இடத்தில்தான் மூன்றாவது வரிசை உட்கார்ந்திருக்கிறது. பின்னால் கூரையும் ஒரு படி உயர்கிறது. வெளியே கூரைக் கம்பி அதை மறைத்துவிடும். கைகரில் அந்தத் தந்திரம் எதுவும் இல்லை. அது தரையிலிருந்து 205 மில்லிமீட்டர் எழும்பி நிற்கும், ட்ரைபர் 182. ஒன்று ஆட்களை ஏற்ற முளைத்தது, மற்றொன்று பார்வைக்கு மிடுக்காக நிற்க.

இந்த 23 மில்லிமீட்டரில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மாமனாரின் ட்ரைபருக்குப் பின் ஷாக் அப்சார்பர் வேண்டியிருந்தது. உதிரி பாகக் கடையில் "கைகருடையது இருக்கிறது, ஒரே பிளாட்ஃபார்ம்" என்றார்கள். ஒரகடத்தில் நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான், எனக்கே புத்தி வேண்டாமா? வாங்கி வந்து, வண்டியை ஜாக்கியில் ஏற்றி, பழையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீளமே வேறு. ஏழு பேரைச் சுமக்கும் பின்பக்கமும் ஐந்து பேரைச் சுமக்கும் பின்பக்கமும் எப்படி ஒன்றாக இருக்கும்? பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று கடையில் திருப்பி எடுக்கவில்லை. அன்றிலிருந்து சேசிஸ் எண்ணின் பதினேழு இலக்கங்களையும் படித்துக் காட்டாமல் ஒரு நட்டுகூட வாங்குவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் எஞ்சின். ட்ரைபருக்கு ஒரே ஒரு 999 சிசி மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான், 52 கிலோவாட், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. கைகர், மேக்னைட்டின் டர்போ வகை 74 கிலோவாட். கடலோரத்தில் ஓட்டும்போது ட்ரைபர் குறை சொல்ல விடாது. சாட்ஸ்வொர்த்திலிருந்து பீனிக்ஸ், இசிபிங்கோ என்று சுற்ற அது போதும். பைன்டவுனைத் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போதே மூச்சு வாங்குவது தெரியும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு நூறு மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஜொகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஆக அங்கே கையில் இருப்பது 43 கிலோவாட் சொச்சம். ஜொகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் ஒரு கல்யாணத்துக்கு ஏழு பேராகப் போனோம். வான் ரீனன் கணவாயில் ஏசியை அணைத்து, மூன்றாவது கியரில், சரக்கு லாரிகளோடு லாரியாக ஏறினேன். ஆயா, அதாவது மனைவியின் பாட்டி, பின்னாலிருந்து "இறங்கித் தள்ளட்டுமா தம்பி?" என்று கேட்டார். டர்போ வைத்த கைகருக்கு இந்தத் துன்பம் அவ்வளவாக இல்லை, ஆனால் அதில் இரண்டு பேரை வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

ட்ரைபர் போல ஆட்களை ஏற்றும் மினிவேனும், கைகர் போல எஸ்யூவி மிடுக்கில் நிற்கும் கிராஸ்ஓவரும் ஒரே அடித்தளத்தைப் பகிரும் இந்தக் கூட்டுக் குடித்தனம் புதிதல்ல. 2003இல் அமெரிக்காவில் கிரைஸ்லர், தன் மினிவேன் அடித்தளத்தை மாற்றித்தான் பசிஃபிகா என்ற கிராஸ்ஓவரைக் கொண்டுவந்தது. 1984 முதல் மினிவேனாக இருந்த ரெனால்ட் எஸ்பாஸ், 2015இல் சிஎம்எஃப்புக்கு மாறியபோது பாதி கிராஸ்ஓவர் ஆனது. 2023இல் முழு எஸ்யூவி. பெயர் மட்டும் மிச்சம். பெரும்பாலான இடங்களில் மினிவேன் வாடகைக்கு இடம் கொடுத்து, கிராஸ்ஓவர் வீட்டையே எடுத்துக்கொண்ட கதைதான். ட்ரைபர் குடும்பத்தில் மினிவேன் முதலில் பிறந்து, இன்னும் பிழைத்திருக்கிறது. எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். 2021இல் இரண்டு ஏர்பேக் உள்ள இந்திய ட்ரைபர், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 4 நட்சத்திரம் வாங்கியது. க்விட்டின் பூஜ்யத்திலிருந்து அது பெரிய தாவல். ஆனால் அதே சோதனையில் கூட்டை நிலையற்றது என்றுதான் மதிப்பிட்டார்கள். சோதனை விதிகள் அதற்குப் பிறகு கடுமையாகியும் விட்டன. மூன்றாவது வரிசையில், பின்கதவை ஒட்டித்தான் பிள்ளைகள் உட்காருவார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது: ஏழு பேரில் இரண்டு பேராவது சிறுவர்கள், ஓட்டம் டர்பன் வட்டாரத்துக்குள் என்றால் ட்ரைபர். நான்கைந்து பேர், அடிக்கடி மேட்டுநிலப் பயணம் என்றால் டர்போ உள்ள கைகர் அல்லது மேக்னைட். இரண்டில் எந்தக் கடை உங்கள் வீட்டுக்குப் பக்கமோ அது. ஏழு பேரும் வளர்ந்தவர்கள், மாதாமாதம் ஜொகன்னஸ்பர்க் என்றால் மூன்றுமே வேண்டாம், பழைய பெரிய வண்டி ஒன்றைத் தேடுங்கள்.

வாங்குமுன் ஏழு பேரையும் உட்காரவைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து பாருங்கள். மிஞ்சும் இடம் 84 லிட்டர். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற அண்டாவை ஏற்றப்போய்த்தான் எங்களுக்கு அது உறைத்தது. பட்டையை இழுத்துக் கடைசி வரிசையில் ஓர் இருக்கையைக் கழற்றினோம். ஆறு பேர், 320 லிட்டர், அண்டா போய் உட்கார்ந்தது. ஏழாவது ஆளாக ஆயா மச்சானின் பக்கியில் முன்னால் ஏறிக்கொண்டார். திரும்பி வரும்போது கூப்பிட்டும் ட்ரைபருக்கு வரவில்லை. கழற்றிய இருக்கை இன்னும் ஒர்க்‌ஷாப்பில் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் கிடக்கிறது.