பழைய முதிரைக் கதவு: மினுக்குவதா, மாற்றுவதா?

மாரி ஓய்ந்து நிலம் காயத் தொடங்கினால் வன்னியில் வீட்டுத் திருத்த வேலைகளும் தொடங்கிவிடும். இந்தமுறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மரவேலை பற்றியவை. கதவு, நிலை, கூரைமரம், தரை என்று இடம்தான் வேறு. இருக்கிற மரத்தைத் திருத்தி, உரஞ்சிப் பூச்சுப் போட்டு மினுக்குவதா, கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவதா என்பதே எல்லோருடைய குழப்பமும்.

"அப்பா 1970களில் கட்டிய வீடு. ஷெல் விழுந்து கூரை போய்விட்டது. முன்கதவும் நிலையும் மட்டும் மிஞ்சின. முதிரை என்று சொல்லுவார். பச்சை இனாமல் பெயின்ற் பாளம் பாளமாகக் கழருது. மூன்று இடத்தில் துப்பாக்கிச் சன்னம் பட்ட ஓட்டை. தச்சுவேலை செய்பவர் 'இதோட மினக்கெடாமல் புதுக்கதவு போடுங்கோ' என்கிறார். என்ன செய்யலாம்?" – உருத்திரபுரம்

கதவை எறிந்துவிடாதீர்கள். முதிரை என்பது உண்மையானால், இன்று கடையில் வாங்கக்கூடிய எந்தக் கதவும் அதற்கு ஈடாகாது.

முதலில் மரம் முதிரைதானா என்று பாருங்கள். கதவின் மேல்விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உளியால் ஒரு அங்குலம் சுரண்டினால் வெளிர்மஞ்சளாகப் பட்டுப்போல மினுங்கும். நிறையும் காட்டிக்கொடுக்கும்: காய்ந்த முதிரை ஒரு கன அடி 25 கிலோவுக்கு மேல். ஒருவர் தனியே தோளில் வைத்துக் கொண்டுபோகக்கூடிய கதவென்றால் அது வேறு மரம்.

அடுத்தது உக்கல். கூரான ஊசியையோ சின்ன ஸ்குரூ ட்ரைவரையோ எடுத்து கீழ்ச்சட்டம், சட்டங்கள் பொருந்தும் மூலைகள், பூட்டைச் சுற்றிய இடம், பிணைச்சல் (கீல்) இருக்கும் இடம் ஆகியவற்றில் கையால் அழுத்துங்கள். இரண்டு மூன்று மில்லிமீற்றரோடு நின்றால் மரம் நல்லது. ஒரு சென்ரிமீற்றர் சுலபமாக இறங்கினால், அல்லது தட்டும்போது பொந்துச் சத்தம் கேட்டால், அந்தத் துண்டு போய்விட்டது. பெரும்பாலும் கீழ்ச்சட்டம் மட்டும்தான் போயிருக்கும். அதை மட்டும் மாற்றலாம். முழுக்கதவையும் மாற்றத் தேவையில்லை.

பெயின்றை எடுப்பதில்தான் கவனம் வேண்டும். 2013க்கு முன்னர் பூசிய இனாமலில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்தபடி மெஷினால் உரஞ்சினால் அந்தத் தூள் வீடெங்கும் பரவும். சின்னப் பிள்ளைகளுக்கு அது மிகவும் கெடுதல். ஊதுவிளக்கால் எரித்துச் சுரண்டுவதும் கூடாது, ஈயப்புகை வரும். கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், கீழே பொலித்தீன் விரித்து, பெயின்ற் கழற்றும் திரவம் (பெயின்ற் றிமூவர்) பூசி ஊறவிட்டுச் சுரண்டுங்கள். மிஞ்சியதைத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து, தண்ணீரில் பாவிக்கும் சாண்ட் பேப்பரால் எடுக்கலாம். சுரண்டியதைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். கிணற்றடியிலோ கோழிகள் மேயும் இடத்திலோ கொட்டவேண்டாம்.

சீவுளி (இழைப்புளி) போடுமுன் காந்தத்தை எடுத்துக் கதவு முழுக்க மெதுவாக ஓட்டிப்பாருங்கள். போர் நடந்த வன்னிப் பகுதியின் மரத்தில் இந்த வேலையைத் தவறவிடக் கூடாது. ஓட்டை இல்லாத இடத்திலும் இரும்புத்துண்டு உள்ளே இருக்கலாம். ஒரு துண்டு பட்டாலே சீவுளி அலகு போய்விடும், மெஷின் என்றால் துண்டு தெறித்து ஆளுக்கே படும். செம்பு, ஈயம் காந்தத்தில் ஒட்டாது. ஆழத்தில் இருக்கும் இரும்பும் அகப்படாது. எனவே பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டே வேலைசெய்யுங்கள். மரத்தில் நீலம் கலந்த கறுப்புக்கறை தெரிந்தால் அங்கே இரும்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தால் முதல் கோடையிலேயே வெடித்து விழும். உளியால் சதுரமாக வெட்டி, அதே மரத்தில், ரேகை ஒரே பக்கம் ஓடும்படி ஒரு துண்டு செதுக்கி இறுக்கி ஒட்டவேண்டும். அந்த வடுக்களை அப்படியே வைத்திருக்க விரும்பும் குடும்பங்களும் உண்டு. அப்படியானால் உள்ளிருக்கும் இரும்பை எடுத்துவிட்டு, ஓட்டையின் உட்சுவரில் எண்ணெய் ஊறவிட்டால் போதும். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

முதிரையின் ரேகை முறுகி ஓடும். சீவுளி ஒரு பக்கம் வழுக்கிப் போகும், மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே சீவுளியைக் குறைத்து, கூரான உருக்குத் தகட்டால் சுரண்டி, பின்னர் 80, 120, 180 இலக்கச் சாண்ட் பேப்பர்களை ஒழுங்காக, ரேகையோடு ஒட்டிப் போடுங்கள். இடையில் ஒன்றைத் தாவினால் கீறல்கள் வாணிஷுக்குள் தெளிவாகத் தெரியும். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீற்றர்கூடத் தேயாது. ஒன்றரை அங்குலச் சட்டத்துக்கு அது ஒன்றுமில்லை. முதிரைத் தூள் பலருக்குத் தோலில் கடியும் கொப்புளமும் உண்டாக்கும்: நீளக்கைச் சட்டை, மாஸ்க், வேலை முடிந்ததும் குளிப்பு.

பூச்சு: மேற்கு வெயிலும் மாரிச் சாரலும் நேராகப் படுகிற கதவுக்கு, உள்வீட்டுக்குரிய வாணிஷ் சரிவராது. வெயில் வாணிஷை ஊடுருவி மரத்தின் மேற்படையைச் சிதைக்கும், பிறகு வாணிஷ் தோல்போல உரியும். வெயிலைத் தாங்கும் வெளிப்புற வாணிஷ் மூன்று பூச்சு. முதற் பூச்சில் அதற்குரிய தின்னர் கொஞ்சம் சேர்த்து மரத்தில் ஊறவிடுங்கள். எதை மறந்தாலும் கதவின் மேல், கீழ் விளிம்புகளை மறக்கவேண்டாம். தண்ணீர் ஏறுவது அவ்வழியாகத்தான், கதவைக் கழற்றாமல் பூசுபவர்களின் தூரிகை போகாததும் அங்கேதான்.

திரும்பப் பூட்டும்போது துளை போடாமல் ஆணியோ திருகாணியோ அடிக்கவேண்டாம். ஆணி வளையும், திருகாணியின் தலை முறியும். 4 மி.மீ. திருகாணிக்கு 3 மி.மீ. துளை, புரியில் சவர்க்காரம் தேய்த்து முடுக்குங்கள்.

"நிலையின் அடியைக் கறையான் தின்றுவிட்டது. மேலே நன்றாக இருக்கிறது. முழு நிலையையும் பெயர்த்தால் சுவரும் உடையுமே?" – முள்ளியவளை

பெயர்க்க வேண்டாம், அடியை மட்டும் வெட்டி ஒட்டலாம். ஊசியால் குத்திக்கொண்டே மேலே போங்கள். நல்ல மரம் தொடங்கும் இடத்திலிருந்து இன்னும் ஆறு அங்குலம் மேலே வெட்டவேண்டும். வெட்டு நேராக இருக்கக் கூடாது, சரிவாக வேண்டும்: நிலை நான்கு அங்குல அகலமென்றால் சரிவின் நீளம் குறைந்தது பன்னிரண்டு அங்குலம். வெளிப்பக்கம் தாழ்ந்து இருக்கும்படி சரிவை வைத்தால் மழைத்தண்ணீர் வெளியே வடியும். அதே வகை மரத்தை எப்பொக்சியால் ஒட்டி, குறுக்கே இரண்டு மர ஆப்பு இறுக்கிவிடுங்கள். வெட்டுமுன் நிலைக்கு மேலே லின்ரல் (சுவரின் பாரத்தைத் தாங்கும் விட்டம்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சுவரின் பாரம் நிலையில்தான் நிற்கும். முட்டுக் கொடுக்காமல் கைவைக்கக் கூடாது.

இனி முக்கியமான விடயம். நிலையின் காலைத் தரைச் சீமெந்துக்குள் புதைத்ததால்தான் இது நடந்தது. சீமெந்து கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிக் காலுக்குக் கொடுக்கும், கறையானுக்கு வேண்டியதும் ஈரம்தான். புதுத்துண்டின் அடிமுகத்தை எப்பொக்சியால் மூடி, தரையிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில், 12 மி.மீ. இரும்புக்கம்பியில் நிறுத்துங்கள். மண்குழாய் ஏறினால் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு கால்களும் இடுப்புயரத்துக்கு மேல் போயிருந்தால் ஒட்டுவதில் பயனில்லை. நிலையை மாற்றுங்கள்.

"கழிவு ஒயில் பூசினால் கறையான் வராது என்கிறார்கள். உண்மையா?" – மல்லாவி

கொஞ்சநாள் மணத்துக்கு விலகும், பிறகு வரும். அதற்குள் மரம் கறுத்து, எந்தப் பெயின்றும் பிடிக்காமல் போய்விடும். எஞ்சினிலிருந்து வந்த நச்சுப்பொருட்களும் உங்கள் கையில், சுவரில், பிள்ளைகளின் கையில் ஒட்டும். வீட்டுக்குள் வேண்டாம்.

மழை படாத மரத்துக்குப் போரக்ஸ் (வெண்காரம்) நல்லது. 10 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 300 கிராம் போரக்ஸும் 200 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, பூச்சு எதுவும் இல்லாத வெறும் மரத்தில் இரண்டு தரம் ஊறப் பூசுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வாணிஷ். கையுறை போடுங்கள், மிஞ்சியதைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். மழை படும் இடத்தில் இது கழுவுண்டு போய்விடும்.

"மாரியில் கதவு இறுகுகிறது. சீவிவிடவா?" – மாங்குளம்

இப்போது சீவாதீர்கள். மாரியில் ஈரம் குடித்துப் பருத்த மரம் சோளகக் காற்று (தென்மேல் காற்று) வீசும்போது சுருங்கும். ஆடியில் விரல்நுழையும் இடைவெளி வந்துவிடும். முதலில் பிணைச்சல் திருகாணிகளை முடுக்கிப் பாருங்கள், பாதிக் கதவுகள் அதோடு சரியாகும். இன்னும் இறுகினால் கோடைவரை பொறுத்து, அப்போதும் உரசும் இடத்தில் மட்டும் இரண்டு மி.மீ. எடுத்து, எடுத்த இடத்துக்கு உடனே பூச்சுப் போடுங்கள்.

"ஓட்டுக்கூரை. பனஞ்சிலாகை (பனையில் அறுத்த கூரைச்சட்டம்) நாற்பது வருடமானது. எல்லாவற்றையும் கழற்றி இரும்புப் பைப் போடச் சொல்கிறார்கள்." – பூநகரி

வயதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். முற்றின பனையின் வெளிப்புறக் கறுப்புநார் மிகப் பலமானது. உள்ளே இருக்கும் மெதுவான சோற்றிதான் முதலில் போகும். சுவரில் இருக்கும் முனை, ஒழுக்கு விழுந்த இடம், முகட்டுவளையோடு (கூரை உச்சி மரத்தோடு) சேரும் இடம் மூன்றையும் குத்திப் பாருங்கள். கறுப்புநார் இறுக்கமாக இருந்து, நூல் பிடித்துப் பார்க்கையில் தொய்வும் இல்லையென்றால் இருக்கட்டும். பத்தில் இரண்டு மூன்று கெட்டிருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். பாதிக்கு மேல் என்றால் கூலியே இரட்டிப்பாகும்; அப்போது முழுக்க மாற்றுவது சரி. புதுச்சிலாகைக்கு வளவில் நிற்கும் பனையைத் தறிக்க எண்ணினால், முதலில் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுங்கள். முதிரை, பாலை வாங்குபவர்களும் பற்றுச்சீட்டையும் மரம் ஏற்றுவதற்கான அனுமதிப்பத்திரத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். காட்டில் களவாக அறுத்த மரம் மலிவாகக் கிடைக்கும், வாங்கவேண்டாம்.

"2018 வெள்ளத்தில் நின்ற பிளைவூட் கதவு ஊதிப்போய் இருக்கிறது. திருத்தலாமா?" – பரந்தன்

முடியாது. படைகள் பிரிந்த பிளைவூட் மீண்டும் சேராது. மாற்றுங்கள்.

"கனடாவிலிருக்கும் தம்பி மேல்மாடிக்கு மரத்தரை போடச் சொல்கிறான். லாமினேற் போடலாமா? பழுதானால் மினுக்கலாமா?" – கிளிநொச்சி நகரம்

லாமினேற்றின் மேற்படை மரமல்ல, மரப்படம் அச்சிட்ட தாள். உரஞ்சினால் படமே போய்விடும். உள்ளே இருப்பது அழுத்திய மரநார். யன்னலால் ஒருநாள் சாரல் அடித்தாலே விளிம்பு ஊதும். பலகைப் படைகள் ஒட்டிய தரையில் மேற்படை 3 மி.மீ. இருந்தால் ஒருமுறை, சிலவேளை இரண்டுமுறை மினுக்கலாம். 18–20 மி.மீ. முழுப்பலகை என்றால் பலமுறை மினுக்கலாம், பிள்ளைகள் காலத்துக்கும் கிடக்கும்.

எதைப் போட்டாலும் கொங்கிறீற் காயவேண்டும். ஒன்றரையடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப் ஒட்டி, ஒரு பகலும் இரவும் விட்டுத் தூக்கிப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ கொங்கிறீற் கறுத்திருந்தாலோ இன்னும் பொறுக்கவேண்டும். நான்கு அங்குலத் தட்டுக்கு ஏறத்தாழ நான்கு மாதம். மாரியில் பலகை போடாதீர்கள். சுவரோரம் 10–12 மி.மீ. விட்டு, அதை மரச்சட்டத்தால் மறையுங்கள். அந்த இடைவெளி இல்லாத தரை அடுத்த மாரியில் நடுவில் கூடாரம்போல எழும்பும்.

கீழ்வீட்டுக்கு மட்டும் மரத்தரை வேண்டாம். மண்ணிலிருந்து ஈரமும் கறையானும் ஏறும் ஊரில், மினுக்கிய சீமெந்துத் தரைதான் குளிர்ச்சி. வெடித்தாலும் வெட்டிப் பூசிவிடலாம்.